ஆஃபர் லெட்டர் கையில் இருந்தால் வேலைக்குப் போய்விடலாமா?

போன வாரம் தாராவியிலிருந்து ஒரு தம்பி அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தான். கனடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு விசிட்டர் விசாவில் போனவன், அங்கே ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்குப் பேசி, ஆஃபர் லெட்டர் வாங்கி, பதினோரு நாள் அடுப்படியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். "வேலை ரெடியா இருக்கு மேடம், பெர்மிட் மட்டும் போட்டுக் குடுங்க" என்கிறான். மூன்று மாதத்தில் இது ஐந்தாவது கேஸ்.

அந்த லெட்டரை வாங்கிப் பார்த்தேன். மடித்து மடித்துக் கோடு விழுந்த தாள். சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எல்லாவற்றையும் மஞ்சள் மார்க்கரால் பூசி வைத்திருந்தான். கடைசிப் பத்தியில் மட்டும் மார்க்கர் படவில்லை. கனடாவில் வேலை செய்ய முறையான அனுமதி இருந்தால்தான் இந்த நியமனம் செல்லும் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. விரலை வைத்துக் காட்டினேன். அம்மா அவனை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்துவிட்டு, "டிரையல்தானே மேடம், சம்பளம்கூட வாங்கலையே" என்றான்.

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. டிரையல், டிரெய்னிங், சும்மா கூடமாட ஒத்தாசை, என்ன பெயர் வைத்தாலும் அது வேலைதான். கனடா சட்டத்தில் சம்பளம் வாங்கிச் செய்வது மட்டும் வேலை இல்லை. அந்த ஊர்க்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்து வாங்க வேண்டிய வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் அது வேலைக் கணக்கில்தான் வரும். கையில் காசு வாங்கவில்லை, பேங்கில் வரவு இல்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் எப்போதாவது வேலை செய்திருக்கிறீர்களா என்று விண்ணப்பப் படிவமே கேட்கிறது. ஆமாம் என்று எழுதினால், அந்த வேலையை விட்ட நாளிலிருந்து பொதுவாக ஆறு மாதம் ஒர்க் பெர்மிட் கிடையாது. இல்லை என்று பொய் எழுதி மாட்டினால் ஐந்து வருஷத்துக்கு அந்த நாட்டுப் பக்கம் தலைவைக்க முடியாது. பதினோரு நாளுக்கு இதுதான் விலை.

"உள்ளே போயிட்டா அங்கேயே மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொன்னாரே" என்று அம்மா கேட்டார். ஏஜென்ட் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. கொரோனா நேரத்தில், 2020 ஆகஸ்டில், விசிட்டராக உள்ளே இருப்பவர்கள் வேலை கிடைத்தால் நாட்டை விட்டு வெளியே வராமலே ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கனடா ஒரு தற்காலிகச் சலுகை கொடுத்தது. 2024 ஆகஸ்ட் 28-ம் தேதியோடு அதை முடித்துவிட்டார்கள். அந்தப் பழைய வீடியோவும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டும் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இப்போது அந்தத் தம்பி மாதிரி ஆட்களுக்கு முறை என்னவென்றால், இந்த வேலைக்கு வெளிநாட்டு ஆள் தேவைதானா என்று பார்க்கும் எல்.எம்.ஐ.ஏ. என்கிற மதிப்பீட்டை முதலாளி அரசிடம் வாங்க வேண்டும், அதை வைத்து நாம் விண்ணப்பிக்க வேண்டும், பெர்மிட் ஒப்புதல் ஆன பிறகு வேலைக்காக உள்ளே போக வேண்டும்.

எல்.எம்.ஐ.ஏ. என்றதும் பத்து லட்சம், இருபது லட்சம் என்று விலை பேசுகிறார்கள். அதற்கு அரசுக் கட்டணம் 1000 கனடா டாலர். கட்ட வேண்டியது முதலாளி. உங்களிடம் திருப்பி வாங்குவதே குற்றம். பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியுரிமைக்கான பாயின்ட்டுக்காகத்தான் வாங்குகிறோம் என்பவர்களுக்கு: அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை ஆஃபருக்குக் கொடுத்துவந்த பாயின்ட்டை 2025 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள். நிலத்தை விற்றுவிட்டு வந்து என்னிடம் அழாதீர்கள், தயவுசெய்து.

துபாய் கதை வேறு. அங்கே விசிட்டில் போய் வேலை கிடைத்தால் உள்ளே இருந்தபடியே விசா ஸ்டேட்டஸ் மாற்ற வழி இருக்கிறது, அதனால் நம் ஆட்கள் ரொம்பத் தைரியமாக இருக்கிறார்கள். ஆனால் மாற்றி முடிக்கும் வரை நீங்கள் விசிட்டர்தான். தொழிலாளர் அமைச்சகத்தின் முறைப்படி வரும் ஆஃபரில் கையெழுத்திட்டு, பெர்மிட் வந்த பிறகுதான் வேலையைத் தொட வேண்டும். செலவு முழுக்க கம்பெனியுடையது. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹாமிலிருந்து 10 லட்சம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால் ரெய்டு வந்தால் "இவர் யாரென்றே தெரியாது" என்றுதான் கம்பெனி சொல்லும். விசா நாள் முடிந்தும் தங்கினால் தினம் 50 திர்ஹாம் உங்கள் தலையில்.

பத்தாவது தேறாமல் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு நீங்கள் வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது நம் அரசின் முன் அனுமதி வேண்டும். அதோடு சேர்ந்துதான் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்கிற காப்பீடு வருகிறது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். சில நூறு ரூபாய்தான் பிரீமியம். விசிட்டில் போனவருக்கு அது கிடையாது. சாரத்திலிருந்து விழுந்து இறந்த ஒருவரின் மனைவி சயான் கோலிவாடாவிலிருந்து என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேஜையில் வைத்தார். விசிட் விசா, டிக்கெட், சைட்டில் எடுத்த ஒரு போட்டோ. எதை வைத்து நான் கேட்பேன்?

பிரிட்டனில் விசிட்டராக இண்டர்வியூவுக்குப் போகலாம், ஆனால் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு உள்ளிருந்தே மாற முடியாது; திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, விசா தேவையில்லை என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். அப்படி ஏமாந்து போய், மியான்மர் எல்லையில் இருக்கும் ஆன்லைன் மோசடிக் கூடங்களிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான நம் ஆட்களை 2025 மார்ச்சில் விமானப்படை விமானம் போய் தாய்லாந்தின் மே சோட் என்ற எல்லை ஊரிலிருந்து கூட்டி வந்தது.

ஏஜென்ட் என்று யார் வந்தாலும் லைசென்ஸ் நம்பரைக் கேட்டு அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் தேடுங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் அவர் வாங்கக் கூடாது. ரசீது வாங்குங்கள். பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் வெளியுறவு அமைச்சக அலுவலகமான விதேஷ் பவனுக்கு நேரில் போய்க் கேளுங்கள், கேட்பதற்கு யாரும் காசு வாங்குவதில்லை.

அந்தத் தம்பியின் முதலாளியோடு பேசினேன். நல்ல மனிதர், சட்டம் தெரியாமல் செய்துவிட்டார், மதிப்பீட்டுக்கு முறைப்படி விண்ணப்பிக்கிறேன் என்கிறார். படிவத்தில் அந்தப் பதினோரு நாளை மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதம் கழியட்டும் என்று அம்மாவிடம் சொன்னபோது, காலண்டரைத் திருப்பி எண்ணிப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் இங்கேயே கேட்டரிங்குக்குப் போகட்டும் மேடம்" என்றார்.