பரங்கிமலைப் பீரங்கியும் இருபத்தாறு வினாடியும்

சென்னை காலேஜ் ரோட்டில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் மதராஸ் வானாய்வகம் இருந்தது. அதன் வானியலர் ஜான் கோல்டிங்காம். 1820, 21-ஆம் ஆண்டுகளில் அவர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் வழக்கமாகச் சுடும் பீரங்கியைக் கொண்டே ஒலியின் வேகத்தை அளந்தார்.

வானாய்வகத்திலிருந்து கோட்டை 13,932 அடி தூரம், அதாவது சுமார் 4.2 கிலோமீட்டர். பரங்கிமலை 29,547 அடி, 9 கிலோமீட்டர். மலையில் பீரங்கி வெடிக்கும்போது தெரியும் மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்க வேண்டும், சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். 9 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஒரு வினாடியில் லட்சத்தில் மூன்று பங்கு போதும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை. சத்தத்துக்கோ ஏறக்குறைய 26 வினாடி ஆகும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

சொல்லும்போது எளிதுதான். ஆனால் எண்ணுகிற மனிதர் சற்றுத் தாமதிப்பாரே? 0.2 வினாடி பிசகினார் என்று வைத்துக்கொள்வோம். கோட்டைச் சத்தம் வந்து சேர 12 வினாடிதான் ஆகும். அதில் இந்தப் பிசகு நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல். 26 வினாடியில் அதே பிசகு ஒரு சதவீதம்கூட இல்லை. தூரம் கூடக் கூடப் பிழையின் பங்கு குறைகிறது. இன்னொரு வழியும் உண்டு. இரண்டு தூரங்களிலும் அதே ஆள் அதே அளவு பிசகினால், ஒரு நேரத்திலிருந்து மற்றதைக் கழித்ததும் பிசகும் கழிந்துபோகும். தூரங்களையும் அப்படியே கழித்து வகுத்தால் சுத்தமான விடை வரும். இந்தக் கழித்தலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

கோல்டிங்காமுக்கு மாதத்துக்கு ஒரு விடை வந்தது. டிசம்பர், ஜனவரியில் வினாடிக்குச் சுமார் 1,100 அடி (335 மீட்டர்). ஜூலையில் 1,160 அடிக்கும் மேல், அதாவது கிட்டத்தட்ட 355 மீட்டர். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பது உண்மைதான். காற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதித் தள்ளித்தான் ஒலியைக் கைமாற்றுகின்றன, சூட்டில் அவை இன்னும் விரைவாக ஓடுகின்றன. 0 டிகிரி செல்சியஸில் 331 மீட்டர், 20 டிகிரியில் 343. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. அப்படியானால் 20 மீட்டர் வித்தியாசத்துக்கு முப்பது டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும். சென்னையின் மார்கழிக்கும் ஆடிக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி கிடையாது. வீசும் காற்றும் கணக்குக்குள் புகுந்திருக்க வேண்டும். நம்மை நோக்கி வீசினால் சத்தத்தையும் சேர்த்துச் சுமந்து வரும், எதிர்த்து வீசினால் பிடித்து இழுக்கும்.

பாரிஸ் அருகே 1822 ஜூனில் பிரெஞ்சு இயற்பியலர் அரகோவும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு வழி செய்தார்கள். 18 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு இடங்களில் பீரங்கி வைத்து, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாறி மாறிச் சுட்டார்கள். ஒரு திசையில் காற்று கொடுத்ததை மறு திசையில் எடுத்துக்கொள்ளும், சராசரியில் அது காணாமல் போகும்.

உயரத்தைப் பற்றியும் பலருக்குக் குழப்பம் உண்டு. கொடைக்கானலில் ஒலி மெதுவாகப் போவது அங்கே காற்று மெலிந்திருப்பதால் அல்ல. அழுத்தம் குறையும் அதே அளவில் அடர்த்தியும் குறைந்து, ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. குளிர்தான் காரணம்.

நியூட்டனே இதில் ஓரிடத்தில் தவறினார். கருவியே இல்லாமல், காற்றின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் வைத்து அவர் கணக்குப் போட்டபோது 298 மீட்டர் அளவில்தான் வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடும் அல்லவா? ஒலி காற்றை அமுக்கும் இடத்திலும் அதே சூடு பிறக்கிறது, ஆறுவதற்குள் அலை கடந்துவிடுகிறது. சூடான காற்று இன்னும் விறைப்பாக எதிர்த்துத் தள்ளும். 1816-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் லாப்லாஸ் அதைக் கணக்கில் சேர்த்து, நியூட்டனின் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் இன்னொரு எண்ணையும் பெருக்கினார், இன்றைய மதிப்பில் அது 1.4. அந்த மதிப்பை வைத்தால் விடை அளவீட்டோடு பொருந்துகிறது.

பீரங்கி இல்லாமல், ஒரு மேசை அகலத்தில் இதை அளக்கலாம் என்று பள்ளி ஆய்வகத்தில் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உயரமான ஜாடியில் தண்ணீர், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு குழாய். தட்டினால் வினாடிக்கு 512 முறை அதிரும் (512 ஹெர்ட்ஸ்) உலோகக் கவையான இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, குழாயின் வாய்க்கு மேல் பிடித்துக்கொண்டு குழாயை மெல்ல உயர்த்த வேண்டும். முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒலி ஓரிடத்தில் திடீரென்று பொங்கும். நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும் காற்றுத்தம்பம் அப்போது கால் அலைநீளம், அதாவது ஒரு முழு அலையின் நீளத்தில் கால் பங்கு. இன்னும் உயர்த்தினால் முக்கால் அலைநீளத்தில் மறுபடி பொங்கும்.

ஆனால் அலை குழாயின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை, சற்று வெளியேயும் நீள்கிறது. அதனால் இரண்டு அளவுகளும் சிறிது குறைவாகவே காட்டும். இங்கேதான் அந்தக் கழித்தல். முதல் அளவு 15.8 சென்டிமீட்டர், இரண்டாவது 49.9 என்றால், கழித்தால் 34.1. குறை இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் மறைந்துவிட்டது, மிஞ்சியது சரியாக அரை அலைநீளம். இருமடங்காக்கி 512-ஆல் பெருக்குங்கள், வினாடிக்கு 349 மீட்டர். அறையின் வெப்பமானி 30 டிகிரி காட்டினால் வர வேண்டிய எண் அதுதான்.