ஆட்டோ ஸ்கேலிங் விதிகளும் தாமதத்தின் கணக்கும்

ஓர் இணையத்தளத்துக்கு நள்ளிரவில் நூறு பேரும் மாலையில் பத்தாயிரம் பேரும் வருகிறார்கள் என்றால், மாலைக்குத் தேவையான அத்தனை சர்வர்களையும் நாள் முழுவதும் ஓடவிட்டு வாடகை கட்டுவது வீண்செலவு. நள்ளிரவுக்குப் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டால் மாலையில் தளம் முடங்கிவிடும். அமேசான் நிறுவனம் 2006-இல் தன் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபோது இச்சிக்கலுக்கு ஒரு வழி திறந்தது. 2009-இல் அந்நிறுவனம் ஆட்டோ ஸ்கேலிங் வசதியை அறிமுகப்படுத்திய பிறகு, சர்வர்களைக் கூட்டவும் குறைக்கவும் ஆள் விழித்திருக்க வேண்டிய தேவையும் போயிற்று. ஆனால் எப்போது கூட்டுவது, எவ்வளவு கூட்டுவது, எப்போது குறைப்பது என்ற விதிகளை இன்றும் மனிதர்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த விதிகளில் வரும் எண்கள் பலவாகத் தோன்றினாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகின்றன: சுமை ஏறத் தொடங்கிய கணத்திலிருந்து புதிய சர்வர் வேலையை ஏற்கும் கணம் வரை எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்குள் சுமை இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும்?

அடிப்படைச் செயல்முறை எளியது. ஒரு கண்காணிப்பு நிரல் குறிப்பிட்ட இடைவெளியில் சர்வர்களின் நிலையை அளக்கிறது. அளந்த மதிப்பை நாம் விரும்பும் இலக்கோடு ஒப்பிடுகிறது. வேறுபாட்டுக்கு ஏற்பச் சர்வர்களின் எண்ணிக்கையை மாற்றுகிறது. செயலிகளைப் பல சர்வர்களில் பரப்பி இயக்கும் குபர்நெட்டீஸ் அமைப்பில் இக்கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. இப்போது ஓடும் பிரதிகளின், அதாவது ஒரே செயலியின் நகல்களின், எண்ணிக்கையை, இப்போதைய அளவால் பெருக்கி, இலக்கால் வகுத்து, வரும் விடையை மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். 4 பிரதிகள் சராசரியாக 90 சதவீதச் சி.பி.யூ. பயன்பாட்டில் ஓடுகின்றன, இலக்கு 50 சதவீதம் என்றால், 4 × 90 ÷ 50 = 7.2, ஆகவே 8 பிரதிகள் தேவை. இயல்பான அமைப்பில் இக்கணக்கு 15 விநாடிக்கு ஒரு முறை நடக்கிறது. இலக்கிலிருந்து விலகல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் எதையும் தொடுவதில்லை. இல்லையென்றால் 50-க்கும் 52-க்கும் இடையிலான சிறு அசைவுக்கெல்லாம் பிரதிகள் பிறந்தும் மறைந்தும் கொண்டிருக்கும்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறையில் தளங்கள் திணறுவதற்குக் காரணம், அளவீடும் செயலும் உடனுக்குடன் நிகழ்வதில்லை என்பதே. அமேசானின் அடிப்படைக் கண்காணிப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் சர்வரின் அளவுகளைத் தருகிறது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை கிடைக்கும். ஒரே ஓர் அளவை நம்பி முடிவெடுக்க முடியாது என்பதால், தொடர்ந்து சில அளவுகள் வரம்பைத் தாண்ட வேண்டும் என்று விதி எழுதுகிறோம். அதில் மேலும் சில நிமிடங்கள் கரைகின்றன. பிறகு புதிய சர்வர் இயங்கத் தொடங்க வேண்டும், அதில் செயலி ஏறி நினைவகத்தில் தன் தரவுகளை நிரப்பிக்கொள்ள வேண்டும், பயனர்களின் வேண்டுகோள்களைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சர் அதன் உடல்நிலையைச் சோதித்து வரிசையில் சேர்க்க வேண்டும். இவை அனைத்தையும் கூட்டினால் ஐந்து, ஆறு நிமிடங்கள் சாதாரணமாகக் கடந்துவிடும். கல்யாணப் பந்தியில் சோறு தீர்ந்த பிறகு உலை வைப்பதற்கு ஒப்பான நிலை இது. இலை போட்டு அமர்ந்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

இத்தாமதத்தைக் கணக்கில் கொள்ளும்போதுதான், இலக்கை 90 சதவீதமாக வைத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாமே என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பது புரிகிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அக்னர் எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு இதற்கான கணிதத்தைத் தருகிறது. வேண்டுகோள்கள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து சேர, ஒரே சர்வர் அவற்றை ஒவ்வொன்றாக முடித்து அனுப்பும் மிக எளிய மாதிரியில், காத்திருப்பையும் சேர்த்த மொத்த நேரம் என்பது வேலைக்கான நேரத்தை மீதமுள்ள திறனால் வகுத்தால் கிடைப்பது. ஒரு வேண்டுகோளை முடிக்க 100 மில்லி விநாடி ஆகும் என்று கொள்வோம். சர்வர் 50 சதவீதம் வேலையில் இருந்தால் பயனருக்கு விடை கிடைக்க 200 மில்லி விநாடி ஆகும். 80 சதவீதத்தில் அது 500 ஆகிறது. 90-இல் ஒரு முழு விநாடி. 95-இல் இரண்டு விநாடி. 50-இலிருந்து 80 வரை 30 புள்ளிகள் ஏறியதில் கூடிய நேரத்தைவிட, 90-இலிருந்து 95 வரை ஏறிய 5 புள்ளிகளில் கூடிய நேரம் மும்மடங்குக்கும் மேல். உண்மையான சர்வர்களில் பல வேலைகள் இணையாக நடப்பதால் எண்கள் மாறும்; வளைகோட்டின் வடிவம் மாறாது. ஆகவே சுமை வேகமாக ஏறக்கூடிய தளத்துக்கு 50 அல்லது 60 சதவீத இலக்கு வைப்பதை ஊதாரித்தனம் என்று சொல்ல முடியாது. உதவி வந்து சேரும் வரை தாக்குப்பிடிக்க நாம் வாங்கி வைக்கும் நேரம் அது.

எதை அளப்பது என்பது எவ்வளவு என்பதைக் காட்டிலும் முக்கியமானது என்பது என் கருத்து. சி.பி.யூ. பயன்பாடு எளிதில் கிடைப்பதால் பலரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் தரவுத்தளத்தின் விடைக்காகப் பெரும்பாலான நேரம் காத்திருக்கும் செயலியில், பயனர்கள் தவித்துக்கொண்டிருக்கும்போதும் சி.பி.யூ. 20 சதவீதத்தில் அமைதியாக இருக்கும். விடையளிக்கும் நேரத்தை அளக்கலாம் என்றால் அதில் வேறொரு சிக்கல் உண்டு: தரவுத்தளம் மெதுவாகி அதனால் விடை தாமதமாகும்போது, விதி மேலும் சர்வர்களைச் சேர்த்து, ஏற்கெனவே திணறும் தரவுத்தளத்தின் மீது இன்னும் சுமையை ஏற்றும். சர்வர் எண்ணிக்கை இரட்டிப்பானால் பாதியாகக் குறையும் அளவே ஏற்ற அளவு. ஒரு சர்வருக்கு விநாடிக்கு வரும் வேண்டுகோள்களின் எண்ணிக்கை அப்படிப்பட்டது. பின்னணியில் நடக்கும் வேலைகளுக்கு, ஒரு சர்வருக்கு எத்தனை வேலைகள் வரிசையில் நிற்கின்றன என்பது பொருந்தும். ஒரு படத்தைச் சுருக்க 2 விநாடி ஆகிறது, பயனர் ஒரு நிமிடம் காத்திருக்கலாம் என்றால், ஒரு சர்வருக்கு 30 படங்கள் வரை நிற்கலாம். வரிசையில் 900 படங்கள் இருந்தால் 30 சர்வர்கள் வேண்டும். பயனரின் பொறுமையை நேரடியாகச் சர்வர் எண்ணிக்கையாக மாற்றித் தருவதால் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

குறைக்கும் விதியைக் கூட்டும் விதியின் கண்ணாடிப் பிம்பமாக எழுதக் கூடாது. தாமதம் உள்ள எந்தத் தன்னியக்கக் கட்டுப்பாடும் அளவுக்கு மீறி வேகமாக வினையாற்றினால் ஊசலாடத் தொடங்கும். நீராவி எந்திரங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்திய கவர்னர்களில் இதே நடத்தை தென்பட்டது, ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868-இல் அவற்றின் நிலைத்தன்மையைக் கணித அடிப்படையில் ஆராய்ந்தார். சர்வர்களிலும் அதுவே நிகழ்கிறது: சுமை சற்றுத் தணிந்ததும் விதி மூன்று சர்வர்களை நிறுத்துகிறது, எஞ்சியவற்றின் மீது சுமை ஏறுகிறது, மீண்டும் மூன்று சர்வர்கள் எழுகின்றன. கூட்டத் தவறினால் பயனரை இழக்கிறோம், குறைக்கத் தாமதித்தால் சில நிமிட வாடகையை மட்டுமே இழக்கிறோம் என்பதால், கூட்டுவதில் விரைவும் குறைப்பதில் நிதானமும் பொருத்தமானவை. குபர்நெட்டீஸ் இயல்பாகவே கடந்த 300 விநாடிகளில் கிடைத்த பரிந்துரைகளுள் மிக உயர்ந்ததை எடுத்துக்கொண்ட பிறகே பிரதிகளைக் குறைக்கிறது.

இத்தனையும் சரியாக அமைத்த பின்னரும், அளந்து வினையாற்றும் விதியால் எட்ட முடியாத சூழல்கள் உண்டு. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதியபோது ஹாட்ஸ்டார் தளத்தில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிடத்துக்குப் பத்து லட்சம் பேர் சேரும் வேகத்தில், ஆறு நிமிடத் தாமதம் என்பது அறுபது லட்சம் பேர். அதனால் அத்தளத்தின் பொறியாளர்கள் வழக்கமான ஆட்டோ ஸ்கேலிங்கை நம்பியிருக்கவில்லை. எத்தனை பேர் வந்தால் எந்தச் சேவைக்கு எத்தனை சர்வர்கள் என்று முன்கூட்டியே படிநிலைகளை வகுத்து, எப்போதும் கையிருப்பாகக் கொஞ்சம் கூடுதல் திறனை வைத்துக்கொண்டு இயங்கியதாகப் பொதுமேடையில் விளக்கியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றுள் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தோனி ரன் அவுட் ஆனது போன்ற ஒரு கணத்தில் பார்வையாளர்கள் கூட்டமாக வெளியேறும்போது, காணொளிச் சேவையின் சுமை சரிகிறது. ஆனால் அவர்கள் பின்செல்லும் பொத்தானை அழுத்தி முகப்புப் பக்கத்துக்கு வந்து விழுவதால், அந்தப் பக்கத்தைத் தயாரிக்கும் சேவைகள் அதே நொடியில் பெருஞ்சுமையைச் சந்திக்கின்றன. மொத்தக் கூட்டம் குறைகிறது என்பதை மட்டும் பார்த்து எல்லாச் சேவைகளையும் ஒன்றாகச் சுருக்கும் விதி இருந்திருந்தால் முகப்பு சரிந்திருக்கும்.

தட்கல் முன்பதிவு திறக்கும் காலை 10 மணி போல நேரம் முன்னரே தெரிந்த நெரிசலுக்குக் கால அட்டவணை விதியே போதும்: 9.45-க்குக் குறைந்தபட்ச எண்ணிக்கையை உயர்த்திவிட்டு, கூட்டம் தணிந்ததும் பழைய நிலைக்கு இறக்கலாம். பழைய போக்குகளைப் படித்து வரப்போகும் சுமையைக் கணிக்கும் விதிகளும் இப்போது கிடைக்கின்றன. தினமும் வாரமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கும் தளங்களுக்கு அவை பயன்படும்.

குறைந்தபட்சத்துக்கு இவ்வளவு கவனம் தருபவர்களும் அதிகபட்ச எண்ணிக்கையை ஏதோ ஒரு பெரிய எண்ணாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மாற்றியமைக்கப்படாத நிலையில் 100 இணைப்புகளை மட்டுமே ஏற்கும். அதில் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை. ஒவ்வொரு சர்வரும் 20 இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளும் செயலியில், நான்கு சர்வர்கள் 80 இணைப்புகளை எடுத்துக்கொள்ள, ஐந்தாவது சர்வருக்கு 17 மட்டுமே மிஞ்சும், ஆறாவதற்கு ஒன்றும் இல்லை. அதிகபட்சம் 50 என்று விதியில் எழுதியிருந்தாலும் அத்தளம் ஐந்து சர்வருக்கு மேல் வளர முடியாது. விதியோ பிழைகளைத் தரும் சர்வர்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே தரவுத்தளம், வெளிச்சேவைகள், பணம் செலுத்தும் வாயில் ஆகியவற்றின் வரம்புகளை முதலில் கேட்டறிந்து, அவற்றுள் மிகக் குறுகியது எதுவோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் அதிகபட்ச எண்ணை எழுத வேண்டும். இணைப்புகளைப் பகிர்ந்து தரும் இடைநிரல் ஒன்றைத் தரவுத்தளத்தின் முன் நிறுத்தினால் அந்த எண்ணை உயர்த்தலாம்.