சின்ன சோடியத்துக்கு ஏன் வழியில்லை?

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு, ஏறத்தாழ பத்தாயிரம் அடுக்கினால்தான் ஒரு தாளின் தடிமன் வரும் என்கிற அளவுக்கு மெல்லியது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று அதை உண்டாக்குகின்றன. நீரோடு ஒட்டும் தலைகள் இருபுறமும் வெளியே தெரியும்; நீரோடு ஒட்டாத வால்கள் நடுவே ஒளிந்திருக்கும். அதாவது, நடுவில் இருப்பது ஓர் எண்ணெய்ப் படலம்.

ஆக்சிஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் இது ஒரு தடையே அல்ல. செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தாமாகவே பரவிவிடும். செல்லுக்கு ஒரு செலவும் இல்லை.

சிக்கல் அயனிகளுக்குத்தான். மின்னூட்டம் உள்ள சோடியமும் பொட்டாசியமும் எப்போதும் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டே திரிகின்றன. அந்தப் போர்வையை உதறிவிட்டு எண்ணெய்க்குள் நுழைய ஏராளமான ஆற்றல் வேண்டும். அதனால் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களே அவற்றுக்கு வழி.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த புதிர் வருகிறது. பொட்டாசியம் கால்வாய் என்றொரு புரதம் உண்டு. நொடிக்குப் பல கோடி பொட்டாசியம் அயனிகளை விடும். சோடியத்தை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். சோடியமோ பொட்டாசியத்தைவிடச் சிறியது! பெரியது போகும் துளையில் சிறியது ஏன் போகாது?

1998-இல் ராடரிக் மெக்கின்னனின் குழு அந்தப் புரதத்தின் வடிவத்தை எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்தபோது விடை கிடைத்தது. கால்வாயின் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக உள்நோக்கி நிற்கின்றன. நீர்ப்போர்வையைக் கழற்றிய பொட்டாசியத்தை, நீர் பிடித்திருந்த அதே இடைவெளியில் அவை பிடித்துக்கொள்கின்றன. இழந்தது உடனே ஈடாகிறது. சோடியம் சிறியது என்பதால் அந்த ஆக்சிஜன்களுக்கு அது சரியாக எட்டுவதில்லை. கழற்றிய நீருக்கு ஈடு கிடைக்காததால் அது வெளியே நீரோடே நின்றுவிடுகிறது. சல்லடை என்று நாம் நினைத்த ஒன்று, உண்மையில் அளவெடுத்துச் செய்த அச்சு. இதைப் படித்த நாளிலிருந்து 'துளை' என்ற சொல்லே எனக்குப் போதாமல் தெரிகிறது.

நீருக்கும் தனிக் கால்வாய் உண்டு. அதன் பெயர் அக்வாபோரின். பீட்டர் ஏக்ரியின் குழு, அந்தப் புரதத்தை உண்டாக்கும் குறிப்பைத் தாங்கிய ஆர்.என்.ஏ-வைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்திப் பார்த்தது. உப்புக் குறைந்த நீரில் இட்டதும் அவை உப்பி வெடித்தன. ஏக்ரியும் மெக்கின்னனும் 2003-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் இறக்கத்தில் உருளும் பயணம். ஏற்றத்தில் தள்ளுவதற்கு ஆற்றல் வேண்டும். சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம், செல்லின் எரிபொருள் போன்ற ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. நண்டின் நரம்பை ஆராய்ந்த யென்ஸ் ஸ்கூ 1957-இல் இந்தப் புரதத்தைப் பற்றி அறிவித்தார். இந்த பம்ப் நின்றுபோனால் சோடியம் மெல்ல மெல்ல உள்ளே சேரும், பின்னாலேயே நீரும் வரும், செல் உப்பத் தொடங்கும்.