மேர்பியின் விதி: தலைவிதியோடு குழப்ப வேண்டாம்

பஸ் போன கையோடு மழையும் பிடித்தால் திருகோணமலையில் “இண்டைக்குச் சனி” என்பார்கள். படித்த பிள்ளைகள் அதற்கே “மேர்பியின் விதி” என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

எட்வர்ட் மேர்பி அமெரிக்க விமானப்படையில் பொறியியலாளர். ஓட்டம் சட்டென்று நின்றால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்றறிய, 1949இல் கலிபோர்னியாவின் மியூரொக் தளத்தில் றொக்கற் பூட்டிய வண்டியைத் தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். அதில் ஏறி அமர்ந்தவர்களில் ஒருவர் ஜோன் ஸ்டாப் என்ற மருத்துவர். உடலில் விழும் விசையை அளக்க மேர்பி கொண்டுவந்த உணரிகளோ ஒரு சோதனையில் பூச்சியத்தையே காட்டின. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் பூட்டலாம். அத்தனையும் பிழையான பக்கமாகப் பூட்டப்பட்டிருந்தன. பிழையாகச் செய்ய ஒரு வழி இருந்தால் யாராவது அப்படித்தான் செய்வார்கள் என்று மேர்பி சலித்துக்கொண்டதைச் சகாக்கள் அவர் பெயரிலேயே விதியாக்கினார்கள். அதைப் பத்திரிகையாளரிடம் கொண்டுபோனவர் ஸ்டாப்: பாதுகாப்பாகச் சோதனை நடத்துவது இந்த விதியை நம்புவதால்தான் என்றார்.

தமிழில் நியூற்றனுக்கும் விதி, நெற்றியில் எழுதியதற்கும் விதி. குழப்பம் அங்கேதான். “பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்” என்ற பழமொழியை இதற்கு இணையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. அது ஏற்கெனவே அடிபட்டவரின் துயரம். மேர்பி சொன்னது இன்னும் நடக்காத பிழையைப் பற்றி. ஆகவே மேர்பியின் விதியைத் தமிழில் “கெடுவிதி” என்பதும் பொருந்தாது. “தவறுநேர் விதி” என்பதே என் தேர்வு: தவறு நேர வழியிருந்தால் அது நேரும். மாஜரின் பூசிய பாண் துண்டு பூசிய பக்கமாகவே விழுவதையும் இதில் சேர்ப்பார்கள். அதற்குக் காரணம் மேசையின் உயரம். தரையைத் தொடுமுன் துண்டு அரைச் சுற்றுத்தான் சுற்றுகிறது. பிரித்தானியப் பௌதிகவியலாளர் றொபேட் மத்யூஸ் 1995இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

திருக்கடலூரில் கடலுக்குப் போகுமுன் மேலதிக ஸ்பார்க் பிளக்கைப் பொலித்தீனில் இறுகச் சுற்றி, ஸ்பனரை நைலோன் கயிற்றால் படகோடு கட்டிவைக்கும் தொழிலாளிக்கு இந்த விதியை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கரை தெரியாத இடத்தில்தான் எஞ்சின் நிற்கும், கைதவறிய ஸ்பனர் தண்ணீருக்குள்தான் போகும் என்று வைத்தே அவர் ஆயத்தமாகிறார். வீட்டிலுள்ள மூன்று பின் பிளக்கும் அப்படி யோசித்துச் செய்ததுதான். எவ்வளவு அவசரத்திலும் அதைத் தலைகீழாகச் செருக முடியாது.