பிஎச்ஐ வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளின் மனதில் பெரும்பாலும் இரண்டு காட்சிகள்தான் இருக்கின்றன. ஒன்று, சாப்பாட்டுக் கடைக்குள் போய்ப் பழுதான இறைச்சியைக் கைப்பற்றுவது. மற்றது, வளவில் நுளம்புக் குடம்பி இருந்த வீட்டுக்காரரை நீதிமன்றத்தில் நிறுத்துவது. இரண்டும் இந்த வேலையில் உண்டு. ஆனால் அவற்றை மட்டும் நினைத்துக்கொண்டு வருகிறவர், தன் பகுதியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே காலத்தை ஓட்ட வேண்டி வரும். வடக்கில் நீண்ட காலம் இந்த வேலையில் இருக்கிறவன் என்பதால், புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று எழுதுகிறேன்.

ஊருக்கு உங்கள் மேல் பயம் மட்டும் இருந்தால், உங்களுக்குத் தெரிய வேண்டிய எதுவும் உங்கள் காதுக்கு வராது. வயிற்றோட்டம் பிடித்த சமையல்காரரை முதலாளி பின்கதவால் அனுப்பிவிட்டு, எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள் என்பார். இரண்டாவது பிள்ளைக்கும் காய்ச்சல் என்பதைத் தாய் வாய் திறந்து சொல்லமாட்டார். டெங்குப் பரிசோதனை வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஒழுங்கை முழுக்க வாளிகள் கவிழும். நீங்கள் போன மறுநாள் அவை பழையபடி நிமிர்ந்திருக்கும். நோய் பரவுவதை நிறுத்துவதற்காகச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை.

வேலை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி (எம்ஓஎச்) பிரிவு என்ற ஏற்பாடு 1926இல் களுத்துறையில் ஆரம்பமானது. ஒரு பிரிவைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பிஎச்ஐயிடம் கொடுப்பார்கள். அதே ஊர்களில் தாய், சேய் நலத்தைக் குடும்பநல மாது பார்ப்பார். ஒரு நோயாளிக்கு டெங்கு, நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்), எலிக்காய்ச்சல் போன்ற அறிவிக்க வேண்டிய நோய் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே வைத்தியர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அது எம்ஓஎச் பணிமனைப் பதிவேட்டில் ஏறி உங்கள் கைக்கு வரும். நீங்கள் வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 படிவத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். இப்படி உறுதியானவை எச் 399 என்ற வாராந்த அறிக்கையாகக் கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். நாட்டில் எந்த மாவட்டத்தில் எந்த நோய் ஏறுகிறது என்பது இந்தக் கடதாசிகளின் வழியாகத்தான் தெரிய வருகிறது. அடியில் இருக்கும் உங்கள் விசாரணை பொய்யென்றால் மேலே போகும் எண்ணும் பொய்தான்.

அதனால் புதியவர்கள் எல்லாவற்றுக்கும் முதல் ஒழுங்காக விசாரிக்கப் பழக வேண்டும்.

டெங்கு நோயாளியின் வீட்டுக்குப் போனதும் நேரே கிணற்றடிக்கும் வளவின் பின்பக்கத்துக்கும் நடக்காதீர்கள். ஆளுக்கு இப்போது எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் யார் நிற்கிறார்கள், வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சலா என்று கேளுங்கள். அப்புறம் இந்தக் கேள்விக்கு வாருங்கள்: காய்ச்சல் தொடங்குவதற்கு முந்திய இரண்டு கிழமை அவர் எங்கெங்கே இருந்தார்? டெங்கு வைரஸ் உடலுக்குள் போய்க் காய்ச்சலாக வெளிப்படப் பொதுவாக 4 முதல் 10 நாட்கள் எடுக்கும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில், அதிலும் காலையிலும் பின்னேரத்திலும், அதிகமாகக் கடிக்கும். எங்கள் பக்கத்தில் உயர்தரம் படிக்கிற பிள்ளை பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருக்கும் நேரத்தைவிடப் பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் இருக்கும் நேரம் அதிகம். வீட்டு வளவில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட இல்லாவிட்டால் விசாரணை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரியூசன் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் பழைய டயரைப் பார்க்கும்வரை அது முடியாது. கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு ஊருக்கு வந்தவர் என்றால் கதை வேறு. அந்த விபரம் கொழும்பில் அந்தப் பகுதியைப் பார்க்கும் உத்தியோகத்தருக்குப் போய்ச்சேர வேண்டும்.

இந்த விபரங்களை வீட்டுக்காரர் விரும்பித்தான் சொல்ல வேண்டும். எந்தச் சட்டத்தைக் காட்டியும் இவற்றை வாங்க முடியாது.

நுளம்பு பற்றி ஊருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஈடிஸ் முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒக்டோபரில் மாரி தொடங்கி நாலு மழை பெய்ததும் அது பொரித்து, ஒன்றரைக் கிழமைக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். வடக்கில் மார்கழி, தை மாதங்களில் டெங்கு ஏறுவதற்கு இதுவே பெரிய காரணம். ஆகவே வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தை உரஞ்சிக் கழுவ வேண்டும். பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, பூச்சாடித் தட்டு, பாவிக்காத மலசலகூடத்தின் சிஸ்டன், கூரைப் பீலி எல்லாவற்றையும் வீட்டுக்காரர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். ஒரு போத்தலில் குடம்பியை எடுத்து நெளிவதைக் காட்டினால், ஒரு மணிநேர விரிவுரையால் நடக்காதது நடந்துவிடும். புகை அடிக்கச் சொல்லி ஊர் கேட்கும். புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். 2017இல் நாடு முழுக்க 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். அந்த வருடத்தை ஆஸ்பத்திரி விறாந்தைகளில் பார்த்தவர்கள் யாரும் ஒரு சிரட்டைத் தண்ணீரைச் சின்ன விடயம் என்று சொல்லமாட்டார்கள்.

அடுத்தது எலிக்காய்ச்சல். 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தது. டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்த பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் சனம் கலங்கிப் போனது. பிறகு அது எலிக்காய்ச்சல் என்று தெரிய வந்தது. எலி, மாடு போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி, காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக உள்ளே போகும். வயலில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் மருந்து கொடுப்போம். வழமையாக 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒருமுறை. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி சொல்வார். ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.

மருந்து இலவசம். ஆனால் வாங்கிக் குடிக்க வைப்பது லேசில்லை. வயதான கமக்காரர் ஒருவர் என்னிடம், "தம்பி, நாப்பது வரியமா வயலுக்க நிக்கிறன், எலி எனக்கு என்ன செய்யப் போகுது?" என்று கேட்டார். அவரிடம் கிருமியின் பெயரைச் சொல்லி என்ன பயன்? "ஐயா, காலில பித்தவெடிப்பு இருக்கோ?" என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக் காட்டினார். அந்த வெடிப்பைக் காட்டியே மற்றதைச் சொன்னேன். மருந்தை வாங்கிக்கொண்டு, பக்கத்து வயல்காரருக்கும் தரச் சொன்னார். மரண அறிவித்தல் வந்த பிறகு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போவதைவிட, விதைப்புக் காலத்தில் வரம்பில் நின்று பேசுவது பல மடங்கு பலன் தரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலை கிடைத்தால் கிணறுகளைப் படியுங்கள். இங்கே வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைத்தண்ணீர்தான் காலங்காலமாக எங்கள் குடிதண்ணீர். அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி விடச் சொல்வது வழக்கம்தான். ஆனால் ஒரு பரப்புக் காணிக்குள் இரண்டு வீடு நிற்கும் இடத்தில் அந்தத் தூரம் எங்கே வரும்? வந்தாலும் இந்த நிலத்தில் கழிவு எந்த வெடிப்பால் எங்கே போகிறது என்று மேலே நின்று சொல்ல முடியாது. நெருப்புக்காய்ச்சலோடு எங்கள் பக்கம் இவ்வளவு காலம் மல்லுக்கட்டுவதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. வீட்டுத் திட்ட வரைபடம் அனுமதிக்காக உங்களிடம் வரும்போது, காணிக்கு நேரில் போய், பக்கத்து வளவுக் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். அடி பூசி மூடிய தொட்டி கட்டச் சொல்லி வற்புறுத்துங்கள். வீடு கட்டி முடிந்த பிறகு இதைத் திருத்த யாரிடமும் காசு இருக்காது. வெள்ளம் வடிந்ததும் கிணறு இறைத்துக் குளோரின் இடும் வேலை வரும். லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதிக் குளோரின் நிற்கிறதா என்று சோதித்துப் பாராமல் நகராதீர்கள்.

சாப்பாட்டுக் கடைகளுக்கு எச் 800 என்ற பரிசோதனைப் படிவம் உண்டு. புள்ளியிட்டுத் தரம் பிரிப்போம். சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். சந்தேகமான உணவை மாதிரி எடுத்தால் மூன்று பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பங்கு கடைக்காரருக்கு, ஒன்று பகுப்பாய்வுக்கு, ஒன்று உங்கள் பொறுப்பில். இதில் ஒரு படி தவறினாலும் நீதவான் முன்னால் வழக்கு நிற்காது. பார்த்த நேரம், இடம், எண்ணிக்கை எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் சட்டத்தரணி கேட்பது உங்கள் கோபத்தைப் பற்றியல்ல, உங்கள் குறிப்பைப் பற்றி.

ஆனால் ஒரு கடை திருந்துவது பெரும்பாலும் இரண்டாம் தடவை போகும்போதுதான். முதல் தடவை, சமைத்த சாப்பாடு 60 பாகை செல்சியசுக்கு மேல் சூட்டில் நிற்கவில்லை, பச்சை இறைச்சிக்கும் மரக்கறிக்கும் ஒரே பலகை, கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவீர்கள். சொன்ன திகதியில் திரும்பப் போகாவிட்டால், அந்தக் கடுதாசிக்கு எந்தப் பெறுமதியும் இல்லை என்று முதலாளி படித்துக்கொள்வார். போனால், அடுத்த கடைக்காரரும் படித்துக்கொள்வார். திருத்தக் காசு வேண்டிய குறைக்குக் காலம் கொடுங்கள். பழக்கத்தால் வரும் குறைக்குக் கொடுக்க வேண்டாம். சனத்தின் வயிற்றோடு தெரிந்துகொண்டே விளையாடுகிறவர் மீது தயங்காமல் வழக்குப் போடுங்கள். ஊரோடு இணக்கமாக இருங்கள் என்று நான் சொல்வது, சட்டத்தை மடித்து வைத்துவிடுங்கள் என்பதற்காக அல்ல.

இணக்கத்துக்கு எல்லை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரிசோதிக்கப் போன கடையில் தேத்தண்ணிகூடக் குடிக்காதீர்கள். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். பெரிய இடத்துத் தொலைபேசி அழைப்புகளும் வரும். "அறிக்கை எழுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன்" என்பதுதான் பதில். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்; அன்றைய அறிக்கையை அன்றே எழுதுகிறவரை யாராலும் அசைக்க முடியாது.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட் விற்கும் கடைகள், திருவிழாக் காலத் தற்காலிகக் கடைகள், அன்னதான மடம் என்று வேலை இன்னும் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அந்தப் பகுதி உத்தியோகத்தர் வீட்டில் சாப்பிடுவதே அருமை. வேலைக்கு நேரம் காலம் கிடையாது என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் செய்தவர்களைத்தான் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். சரியான தகுதியையும் வயதெல்லையையும் அந்தந்த அறிவித்தலிலேயே பாருங்கள், வேறு யாரும் சொல்வதை நம்ப வேண்டாம். களுத்துறையில் உள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இந்தப் பயிற்சிக்குத் தலைமையான இடம். சிங்களம் இப்போதே படிக்கத் தொடங்குங்கள். பரீட்சைக்கு மட்டுமல்ல, சுற்றறிக்கைக்கும், தெற்கில் இருக்கும் சக உத்தியோகத்தரோடு ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவதற்கும் அது வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுங்கள்.

விண்ணப்பிக்க முதல் உங்கள் பகுதி எம்ஓஎச் பணிமனைக்குப் போய், டெங்கு ஒழிப்பு வேலைத்திட்டம் நடக்கும் ஒரு நாளில் கூட வரலாமா என்று கேளுங்கள். அனுமதி கிடைத்தால் காலையிலேயே வந்துவிடுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்து வாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் குடம்பி பார்க்க நல்ல டோர்ச் லைற் ஒன்றும் வேண்டும்.