மணவறைக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருபது ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகளைக் கவனித்து வரும் எனக்கு, கல்யாண ஆல்பத்தோடு படியேறி வருபவர்களைப் பார்த்தாலே மனம் கனத்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அம்மா அப்படித்தான் வந்தார். அவர் இன்னார் என்று தெரியாமலிருக்க ஓரிரு விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். துணிப்பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து என் மேசைமேல் விரித்தார். பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப் பழுப்பேறிய படங்களில் அரசாணிக்கால், அக்கினி, கெட்டிமேளத்துக்குக் கை உயர்த்தும் பெரியவர், பின்னால் நின்று முடிச்சுப் போடும் நாத்தனார் என எல்லாமே இருந்தன. கணவர் மாரடைப்பில் இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. வீடு அவர் பெயரில் இருந்தது, உயில் எழுதியிருக்கவில்லை. "லாயரம்மா, முந்நூறு பேரு பாக்க சாமி முன்னால கட்டுன தாலி இது. நான் அவரு பொண்டாட்டி இல்லன்னு எப்படிங்க சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

திருமணம் நடந்தது 1994இல். முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் இந்த நாட்டில் நடப்பில் இருக்கிறது. அந்த நாளுக்கு முன் சமய வழக்கப்படி நடந்த திருமணங்களைப் பதிவானவையாகவே சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு, எந்தச் சமயச் சடங்காக இருந்தாலும், அச்சட்டம் வகுத்த முறையில்தான் திருமணத்தை நடத்தி வைக்க முடியும். ஆலயத்தில் நடத்தலாம், தாலியும் கட்டலாம். ஆனால் நடத்தி வைப்பவர் அரசு நியமித்த உதவிப் பதிவாளராக இருக்க வேண்டும். இந்த அம்மாவுக்கு மணம் முடித்து வைத்த குருக்களுக்கு அந்த நியமனம் இல்லை. "அப்புறம் போய் ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்று வீட்டார் சொன்னார்கள். முதல் பிள்ளை, வேலை மாற்றம், வீட்டுக் கடன் என்று அந்த 'அப்புறம்' தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது என்று அச்சட்டத்தின் 34ஆவது பிரிவைக் காட்டி வாதிட இடமுண்டு. ஆனால், கணவரை இழந்து, சம்பாத்தியமும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நடத்துகிற நிலை எந்தப் பெண்ணுக்கும் வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சடங்கு தெய்வீகமானது, பதிவு வெறும் காகிதம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்கிறது தொல்காப்பியம். கூடி வாழ்ந்துவிட்டு இல்லையென்று மறுக்கும் பொய்யும், கைவிட்டுப் போகும் வழுவும் தோன்றிய பிறகே பெரியோர் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்பது அதன் பொருள். ஊரைக் கூட்டிச் செய்த அந்தச் சடங்குதான் அந்தக் காலத்துப் பதிவேடு. சடங்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். அங்கே புரோகிதரும் இல்லை, தீயும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது முதிய பார்ப்பனர் மறைவழி காட்ட, கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகிறார்கள். மணம் முடித்து வைக்கும் உரிமை மூத்த பெண்களின் கையிலிருந்து புரோகிதரின் கைக்குப் போனதை நான் சிறிய மாற்றமாக நினைக்கவில்லை. பெண் தந்தையின், பிறகு கணவனின், பிறகு மகனின் காவலில் இருக்க வேண்டும் என்ற மனு தருமத்தின் வாசகம் குடும்பங்களுக்குள் வேரூன்றிய கதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

பெண்ணைக் கணவனுக்குள் அடக்கியது நம் சமயம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கணவனும் மனைவியும் ஒரே உடல் என்ற கிறிஸ்தவக் கொள்கையின் நிழலில் வளர்ந்த ஆங்கிலச் சட்டம், அந்த ஓர் உடலின் சொத்துரிமையைக் கணவனிடம் கொடுத்தது. 1882இல்தான் திருமணமான ஆங்கிலேயப் பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை முழுமையாகக் கிடைத்தது. மகளுக்கு மகனின் பங்கில் பாதி என்று இஸ்லாமிய வாரிசுரிமை வகுத்ததைக் குறையாக மட்டும் பேசுபவர்கள், மகள், மனைவி, தாய் ஆகியோருக்கு மறுக்க முடியாத பங்கை அது ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை தாயின் சொத்தைச் சீதனமாக மகளுக்குக் கொடுத்தது. அதே வழமை, கணவனின் சம்மதமின்றி அவள் தன் நிலத்தை விற்க முடியாது என்றும் வைத்தது.

இந்த வழமைகளெல்லாம் ஒரே நீதிமன்றத்தில் சந்தித்துக்கொண்ட ஊர் பினாங்கு. 1807ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் அங்கே ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, குடிமக்களின் சமயமும் பழக்க வழக்கமும் இடம்கொடுக்கும் அளவுக்கே அது செல்லும் என்றது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றத்தின் நீதிமன்றங்கள் அந்த வழியில் நடந்ததன் விளைவாக, சீனச் செல்வர் ஒருவரின் சொத்து தொடர்பான 'ஆறு விதவைகள்' வழக்கில் 1908இல் பலதார மணம் ஏற்கப்பட்டு, விதவைக்குரிய பங்கு பலருக்குப் பிரிந்தது. சமயத்தை மதிப்பது என்ற பெயரில் அன்றைய நீதிபதிகள் கேட்டதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் சொன்ன வழக்கத்தைத்தான். 1976ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கியது. முதல் மணம் நீடிக்கும்போது ஒருவர் இன்னொரு பெண்ணோடு சேர்ந்தால், அவர் உயில் எழுதாமல் இறக்கும்போது அந்தப் பெண்ணுக்கு வாரிசுரிமை கிடையாது. கோயிலில் தாலி கட்டியிருந்தாலும் இதுதான் நிலை.

நம் வழக்கத்தைச் சட்டம் முற்றிலும் துடைத்துவிடவும் இல்லை. தாய்மாமன்-மருமகள் உறவைத் தடைப்பட்ட உறவுகளில் சேர்க்கும் 11ஆவது பிரிவு, இந்துக்கள் தங்கள் வழக்கப்படி உடன்பிறந்தாள் மகளை மணப்பதை மட்டும் விதிவிலக்காக அனுமதிக்கிறது. இருபத்தொரு வயது நிறையாதவர் மணம் செய்யத் தந்தையின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். தந்தை இறந்திருந்தாலோ, பிள்ளை சட்டப்படி மணமாகாதவர்களுக்குப் பிறந்திருந்தாலோதான் தாயைக் கேட்கிறது 12ஆவது பிரிவு. பெற்று வளர்த்தவளுக்கு ஏன் இரண்டாம் இடம் என்ற கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டமும் அப்படித்தான் இருந்தது: மனைவி இறந்தால் கணவனுக்கு முழுச் சொத்து, கணவன் இறந்தால் பிள்ளைகளுள்ள மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. 1997இல்தான் இருவரையும் சமமாக்கினார்கள். பிள்ளைகளின் பாதுகாவல் உரிமை தாய்க்கும் சமமாகக் கிடைத்தது 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால். ஆனால், இந்தச் சமத்துவமெல்லாம் சட்டப்படி மனைவியானவருக்கே பயன்படும்.

பிள்ளைகளின் நிலை இன்னும் கொடுமையானது. பெற்றோர் சட்டப்படி மணந்திருக்காவிட்டால், குடியுரிமைக்குத் தந்தையைப் பார்க்காமல் தாயைத்தான் பார்க்க வேண்டும் என்கிறது கூட்டரசு அரசமைப்பின் இரண்டாவது அட்டவணை. இந்தியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்த பெண்ணைக் கோயிலில் மட்டும் மணந்து, பிள்ளை பிறந்த பின் பதிவுக்குப் போகும் மலேசியத் தந்தைகள் என்னிடம் வருகிறார்கள். பின்னால் பதிவு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியே வருகிறார்கள். ஆனால் 2021இல் கூட்டரசு நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில், பிற்காலத்துத் திருமணம் அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமையைத் தந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே, மணமகள் வெளிநாட்டவர் என்றால், பதிவு பிள்ளைப் பேற்றுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பதிவிலாகாவில் விண்ணப்பம் கொடுத்து, 21 நாள் அறிவிப்புக் காலம் முடிந்தால் திருமணத்தை நடத்திவிடலாம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே, ஆலயத்தில் உதவிப் பதிவாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் முகூர்த்தத்துக்கு முன் பதிவிலாகாவில் பதிந்துவிடுங்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்து இன்னும் பதியாதவர்கள், இருவரும் உயிரோடிருக்கும்போதே இந்த வாரம் போய் விசாரியுங்கள்.

மணம் சட்டத்தில் நிற்காவிட்டால் மனைவியும் பிள்ளைகளும் வாரிசாக மாட்டார்கள் என்பதால், அந்த அம்மாவின் வீடு, சட்டத்தின் கணக்குப்படி, இறந்தவரின் தாயாருக்குத்தான் போயிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு மாமியார் மனமிரங்கி வீட்டைப் பேரப்பிள்ளைகள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். மகள் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தாலி கட்டி முடித்ததும் மணமக்கள் மணவறைக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேசைக்கு வந்தார்கள். இரண்டு சாட்சிகளில் ஒருவராக அம்மாவை அழைத்தார் உதவிப் பதிவாளர். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையெழுத்திடும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தம் முழுப் பெயரையும் எழுதினார்.