வயர் இல்லாத சேனல் என்ன சொல்லும்?

லினக்ஸ் போட்ட கணினியில் ‘சென்சார்ஸ்’ கட்டளையை முதல்முறை ஓட்டிப் பார்த்துப் பதறியவர்கள் நிறையப் பேர். சிபியு 42 டிகிரி, மதர்போர்டு 35 டிகிரி, அடுத்த வரியில் 127 டிகிரி! தொட்டுப் பார்த்தால் எதுவும் சுடாது. கண்காணிப்புச் சிப்பில் இன்னொரு வெப்ப உணரியை இணைக்க ஒரு கால் (பின்) விட்டிருப்பார்கள். போர்டு செய்தவர் அதில் எதையும் இணைத்திருக்க மாட்டார். எட்டு பிட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127. அளவு அதில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

கேட்டால் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவது இந்தச் சிப்புகளின் சுபாவம். எல்லாமே அப்படி இல்லை. தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரியைப் படிக்கும் மேக்ஸ்6675 சிப், வயர் அறுந்திருந்தால் அதற்கென்றே ஒரு பிட்டை ஏற்றிக் காட்டும். தொழிற்சாலைக் கருவிகளில் இதைவிட அழகான ஏற்பாடு உண்டு: அங்கே மிகக் குறைந்த அளவுக்கே 4 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். 0 வந்தால் வயர் போச்சு என்று அர்த்தம்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஐஎன்ஏ3221 சிப்பில் அந்த வசதி இல்லை. மூன்று மின்பாதைகளின் வோல்டேஜையும் கரண்டையும் அளக்கும் சிப் இது; என்விடியாவின் ஜெட்சன் போர்டுகளில் பார்க்கலாம். ஒவ்வொரு பாதையிலும் சில மில்லி ஓம் அளவில் ஒரு சின்ன ஷன்ட் ரெசிஸ்டர் இருக்கும். அதன் இரு முனைக்கும் இடையே விழும் வோல்டேஜை 40 மைக்ரோவோல்ட் படிகளில் அளந்தால், ஓம் விதிப்படி கரண்ட் கிடைத்துவிடும். போர்டில் இரண்டு பாதைகளை மட்டும் இணைத்துவிட்டு மூன்றாவதைச் சும்மா விட்டால்? அந்தரத்தில் தொங்கும் காலிலும் ஏதோ கொஞ்சம் வோல்டேஜ் இருக்கும். சிப் அதையும் சிரத்தையாக அளந்து கொடுக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து, இது நிஜப் பாதையா, வெறுங்காலா என்று எந்த மென்பொருளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது தெரிந்தவர் போர்டை வடிவமைத்தவர் மட்டுமே.

ஆகவே அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லும் இடம் ‘டிவைஸ் ட்ரீ’, அதாவது போர்டில் எது எங்கே இருக்கிறது என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தரும் விவரப் பட்டியல். அதில் மூன்று சேனலுக்கும், அதாவது மூன்று மின்பாதைக்கும், தனித்தனிக் குறிப்பு எழுதலாம்: பெயர் என்ன, ஷன்ட் எத்தனை மைக்ரோ ஓம் என்று. இணைக்காத சேனலின் ‘ஸ்டேட்டஸ்’ வரியில் ‘டிசேபிள்டு’ என்று எழுதிவிட்டால் போதும். கெர்னலில் இந்தச் சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் அதைப் படித்ததும், இது துண்டிக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு மற்ற விவரங்களைப் பார்க்காமலே அடுத்ததற்குப் போய்விடும்.

அப்புறம் சிப்பைத் தொடங்கும் வேலை. மின்சாரம் வந்ததும் சிப்பின் அமைப்புப் பதிவேட்டில் (அது எப்படி இயங்க வேண்டும் என்று குறித்திருக்கும் இடத்தில்) இருப்பது பதினாறடிமான எண் 7127. இடக்கோடியில் உள்ள 7-ஐப் பிரித்தால் இருமத்தில் 0111. அந்த மூன்று ஒன்றுகள்தான் மூன்று சேனல்களின் சுவிட்ச். மூன்றாவதை அணைத்தால் 0110, ஆக 7127 என்பது 6127 ஆகிறது. டிரைவர் செய்வது இந்த ஒரு பிட் கழித்தல்தான். பலன் உடனே தெரியும். ஒரு சேனலில் வோல்டேஜை அளக்க 1.1 மில்லிசெகண்ட், ஷன்டை அளக்க 1.1, மூன்று சேனலுக்கு ஒரு சுற்று 6.6. ஒன்றை அணைத்தால் 4.4. ஒவ்வொரு அளவையும் லினக்ஸ் ஒரு ஃபைலாகக் காட்டும்; அணைத்த சேனலின் ஃபைலைத் திறந்து படித்தால் 0 வராது, ‘தரவு இல்லை’ என்ற பிழை வரும். இது முக்கியம்: கிராஃபிக்ஸ் பாதையில் 0 ஆம்பியர் என்றால் அது உறங்குகிறது என்று ஒருவர் நம்பிவிடலாமே.

எனக்குப் பிடித்த இடம் கூட்டல் கணக்கு. மூன்று ஷன்ட் வோல்டேஜ்களையும் கூட்டித் தரும் வசதி இந்தச் சிப்பில் இருக்கிறது. ஷன்ட்கள் எல்லாம் ஒரே மதிப்பாக இருந்தால்தான் அந்தக் கூட்டலுக்கு அர்த்தம். மதிப்பு எழுதாத சேனலுக்கு டிரைவர் தானாக 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளும். போர்டில் இருப்பவை இரண்டும் 5 மில்லி ஓம் என்று வையுங்கள். இல்லாத மூன்றாவதையும் ஒப்பிட்டால் 5, 5, 10. பொருந்தவில்லை என்று மொத்தக் கூட்டலே நின்றுபோகும். துண்டிக்கப்பட்டதை ஒப்பீட்டிலும் சேர்க்காமல் டிரைவர் தாண்டிப் போவது இதனால்தான்.

கணினி தூங்கி எழும்போது இதே வேலை இன்னொரு முறை நடக்கும். டிரைவர் முதலில் சிப்பை ரீசெட் செய்கிறது. ரீசெட் ஆன சிப் மறுபடி 7127-க்கே போய்விடும், மூன்றாவது சேனலும் விழித்துக்கொள்ளும். 6127-ஐ டிரைவர் தன் நினைவில் வைத்திருப்பதால், ரீசெட் முடிந்த கையோடு அதையே திரும்ப எழுதிவிடுகிறது.